பஸ் தரிப்பில் ஒரு சுமைதாங்கி

அருமைராசா அண்ணைக்கு இந்த மொன்றியல் ஊரில் கடைசியாக வாய்த்த வேலை, சும்மா நிற்பது. டவுன்டவுனில் ஒரு மியூசியத்தில் காவலாளி. கறுப்புக் கோட்டு, ரை, காதுக்குள் ஒரு வயர். ஆட்கள் சாமான்களுக்குக் கிட்டப் போனால் "சில் வு ப்ளே", தயவுசெய்து, என்று மெல்லச் சொல்லிக் கையைக் காட்ட வேண்டும். வேறொன்றுமில்லை. உணவகங்களின் பின்பக்கத்தில் வருடக்கணக்காகச் சட்டி கழுவி முழங்கால் இரண்டும் போன மனிதனுக்கு நிற்கிற வேலையைப் பிடித்துக்கொடுத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அண்ணைக்கோ அது பெரிய உத்தியோகம். "தம்பி, பாசையூரில கடல், இஞ்ச வந்து சிங்க். இப்பதான் முதல் முதலா ஈரமில்லாத வேலை," என்பார்.

என் பெயர் வின்சன்ட். மன்னார்க்காரன். சென்ட் லோரன்ட்டில் அவர்கள் மேல் வீடு, நான் கீழ் வீடு. என்னிடம் கார் இருந்தது, அவர்களிடம் இல்லை. ஞாயிறு பூசைக்கு ஏற்றி இறக்குவது என் பொறுப்பானது. அப்படித்தான் அந்தக் குடும்பத்துக்குள் வந்தேன்.

அண்ணையின் மனைவி சிவநேசம் அக்கா நீர்வேலிப் பக்கத்துச் சைவம். விரும்பி, வீட்டை விட்டு வந்து கட்டியவர். கலியாணத்துக்கு முன் தலையில் தண்ணீர் வார்த்து மேரி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரால் அவரை யாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் சின்னப் பேணி ஒன்றில் திருநீறு இருக்கும். அண்ணை கண்டும் காணாதவர் மாதிரி இருப்பார். கோபம் வந்தால் மட்டும் "சைவக்காரி" என்பார். அக்கா "போங்கோ, மீன்காரன்" என்பார். அவர்களுடைய சண்டையும் அதுதான், சமாதானமும் அதுதான்.

ஒரே பிள்ளை றெபேக்கா. சின்ன வயதில் இங்கே வந்து பிரெஞ்சில் படித்து வளர்ந்தவள். அந்த வீட்டில் பிரெஞ்சு என்றால் றெபேக்காதான். கடிதம் வந்தால், ரெலிபோன் அடித்தால், டொக்டரிடம் போனால், "பொறு, பிள்ளை வரட்டும்." அண்ணைக்குத் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு: சூடு, கத்தி, கெதியா, குப்பை. அக்கா ஒரு கார்டெறியில், அதுதான் குழந்தைகள் பராமரிப்பிடத்தில், துப்புரவு வேலை செய்தார். அவருக்குத் தெரிந்தது பால், மூக்கு, தூக்கம், கூஷ். கூஷ் என்றால் குழந்தைக்குக் கட்டுகிற பம்பர்ஸ். இருவரும் சேர்ந்தாலும் ஒரு முழு வசனம் தேறாது. றெபேக்கா இருக்கும்வரை அது ஒரு பகிடியாகத்தான் இருந்தது.

இனி வருகிற இடத்தை நான் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நின்று சொல்ல என்னால் முடியாது.

2006 ஒக்டோபரில் றெபேக்கா முதல் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரத்தப்போக்கு நிற்கவில்லை. பிள்ளையையாவது காப்பாற்றலாமென்று வெட்டி எடுத்தார்கள். அதுவும் உயிரில்லாமல்தான் வந்தது. சேதி கேட்டதும் சிவநேசம் அக்கா கொரிடோரிலேயே விழுந்தார். அவரை வேறொரு அறைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். மருமகன் டனிஸ்ரன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான். நிலத்தில் குந்தியிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆக, நேர்ஸ் ஒருத்தி வந்து கேள்வி கேட்டபோது பதில் சொல்ல நின்றது அருமைராசா அண்ணை மட்டும். அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தாள்.

நேர்ஸ் மெதுவாக, நிறையப் பேசினாள். அண்ணைக்குப் பிடிபட்டவை இரண்டு சொல்தான். ஒன்று "பெபே", பிள்ளை. மற்றது "சொக்கூப்பே". அது அவருக்குத் தெரிந்த சொல். இங்கே கடைகளுக்குள் போனால், உங்களை யாராவது கவனிக்கிறார்களா என்று அந்தச் சொல்லை வைத்துத்தான் கேட்பார்கள். ஆகவே, பிள்ளையைக் கழுவித் துடைத்து உடுப்புப் போட்டுத் தரட்டுமா என்று கேட்கிறாள் என்று விளங்கிக்கொண்டார். "வீ, வீ. மெர்சி," என்று ஓமும் நன்றியும் சொன்னார். அவள் அவர் தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கேட்டது, பிள்ளையின் அடக்கத்தை ஆஸ்பத்திரியே பொறுப்பெடுக்கட்டுமா என்று.

செத்த வீட்டு மண்டபத்துக்குப் பெட்டி வந்தபோது "பெபே?" என்று கேட்ட அண்ணைக்கு, உள்ளே பிள்ளை இல்லை என்று கொண்டுவந்தவர்கள் கையைக் காட்டிச் சொன்னார்கள். இங்கத்தைய பெட்டிகளுக்கு மூடி இரண்டு பாதி. மேற்பாதியைத் திறந்து முகத்தைக் காட்டுவார்கள், கீழ்ப்பாதி மூடியபடி இருக்கும். அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். மூடிய பாதியில் கையை வைத்து, "பிள்ளை வயித்துக்கையோ?" என்று கேட்டார். சுற்றிவர அவ்வளவு சனம். அண்ணை ஓமென்று தலையை ஆட்டிவிட்டார். பிறகு தைரியம் திரட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவர்கள் பொறுப்பெடுக்காத குழந்தைகளையெல்லாம் ஒன்றாக அடக்குகிற ஒரு துண்டு நிலத்தின் விலாசத்தைக் கொடுத்தார்கள்.

டனிஸ்ரன் கேட்கவும் இல்லை, தங்கவும் இல்லை. ஆண்டுத் திவசத்துக்கு முன்னமே ஸ்காபரோவில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

சிவநேசம் அக்கா அழவில்லை. செத்த வீட்டிலும் அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. மாதம் ஒன்றிரண்டு போனபிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது காருக்குள் வைத்துச் சொன்னார்:

"அவளுக்கொரு சுமைதாங்கி வைக்கவேணும்."

யாழ்ப்பாணத்தார் பலருக்கு இது தெரியும். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்த பெண், செத்தபிறகும் வயிற்றுப் பாரத்தை இறக்க முடியாமல் சுமந்துகொண்டே திரிவாள் என்பது நம்பிக்கை. அதற்காக அவள் பெயரில் தெருவோரமாக இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடையாக வைப்பார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதில் இறக்கி இளைப்பாறலாம். ஒவ்வொருவரும் இறக்க இறக்க, அவளுடைய பாரமும் குறையும். நீர்வேலியிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் அப்படி ஒன்று நின்றதென்று அக்கா சொன்னார்.

அண்ணைக்குக் கோபம் வந்தது. "இஞ்ச ஆர் தலையில சுமந்துகொண்டு போகினம்? மெட்றோவுக்கை வைப்பமோ உம்மடை கல்லை? அவள் கிறிஸ்தவப் பிள்ளை. பூசையில நன்மை வாங்கின பிள்ளை."

"பாரத்துக்கு வேதமிருக்கோ?" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சுக் குறைந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒரு நாள் நான் வேலையால் வரும்போது, எங்கள் கட்டடத்துக்கு எதிரில் பஸ் தரிப்பில் ஒரு மேசை நிற்கிறது. அக்காவுடைய குசினி மேசை. கடைச் சாமான் பைகளோடு பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் பைகளை அதில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றார்கள். அக்கா மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாநகரசபை ஆட்கள் வந்து அதைத் தூக்கிப் போனார்கள். அக்கா இன்னொன்று வைத்தார். மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி பாதிச் சனம் வீடு மாறும். தெருவெல்லாம் மேசை கதிரை கிடக்கும். அந்த வருடம் நான் என் காரில் கட்டி அவருக்கு எத்தனை மேசை கொண்டுவந்து கொடுத்தேன் தெரியுமா? கட்டடத்தில் இருந்தவர்கள் மனிசிக்குத் தட்டிவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனிக்குள், மழைக்குள், மூட்டையோடு வருகிற சனம் அந்த மேசையைக் கண்டதும் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பைத்தியக்காரி செய்கிற வேலையா அது?

ஆனால் அண்ணை அந்த மேசையைப் பார்க்க மாட்டார். தெருவின் மற்றப் பக்கத்தால் சுற்றி வருவார். வெட்கத்தில் செய்கிறார் என்று நினைத்து அவர்மேல் எனக்கு உள்ளூரக் கடுப்பாக இருந்தது.

2007 செப்ரெம்பரில் மியூசியத்துக்கு மெக்சிக்கோவிலிருந்து கற்கள் வந்தன. ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட மெஷிகா என்ற சனம் எரிமலைக் கல்லில் கொத்திய தெய்வங்கள். அண்ணையை அந்த மண்டபத்தில் போட்டார்கள். முதல் கிழமை முழுவதும் சந்தோஷத்தில் ஒரே புளுகம். பூசைக்குப் போகும்போது முன்சீற்றிலிருந்து பின்பக்கம் திரும்பி, "இஞ்சேரும், உம்மடை சிவன் மெக்சிக்கோவிலையும் இருக்கிறார்," என்றார்.

"என்ன?"

"அந்த விளங்கப்படுத்துற பிள்ளை, கிளோடின், ஒரு சிலைக்குக் கிட்டப் போனால் ஒவ்வொரு தரமும் சொல்லுது. சிவாதெத்தேயோ. சிவா, தேவா. நான் என்ரை காதால கேட்டனான்."

ஒரு வருடத்துக்குப் பிறகு அக்கா சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன்; சிரிப்புத்தான்.

அது ஒரு பெண்ணின் சிலை. இடுப்பளவு உயரம். முழந்தாளில் இருக்கிறாள். முகம் மண்டையோடு, கண் இரண்டும் உருண்டை, பல் வெளியே. திறந்த மார்பு. இடுப்பில் பாம்பால் கட்டு. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறாள், விரலுக்குப் பதில் நகங்கள். உச்சந்தலையில் ஏதோ ஒரு நாளின் குறி. அண்ணை கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். செத்த பெண்கள் என்பது விளங்கியது. அடுத்த சொல் கூஷ். பம்பர்ஸ் கட்டுகிற வயதில் செத்த பெண் குழந்தைகளின் சிலை என்று எடுத்துக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். அவர் அதைப் பார்த்து ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் மாதாவுக்கான அருள்நிறை மந்திரம் ஒன்று சொன்னார். மண்டையோட்டு முகத்தைப் பார்த்து, பேரப்பிள்ளைக்காக.

பிறகொரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு விளங்கவேண்டுமென்று கிளோடின் கையாலும் காட்டினாள்: வயிறு, பிள்ளை வருவது, தாய் கண்ணை மூடுவது. வகுப்புப் போனபிறகு அண்ணை அவளை மறித்துக் கேட்டார். கூஷ் என்றால் பம்பர்ஸ்தான், ஆனால் பழைய வழக்கில் பிள்ளைப்பேறுக்கும் அதே சொல் என்றாள் அவள். சிவா என்றால் மெஷிகா மொழியில் பெண் என்றாள். பாதி இங்கிலிசிலும் பாதிக் கையாலுமாக அவள் சொன்னதை அண்ணை எனக்குக் காருக்குள் வைத்துச் சொன்னார். அன்றைக்கு அவரை மழைக்காக மியூசியத்தில் போய் ஏற்றியிருந்தேன்.

"முதல் பிள்ளைப்பேறில சாகிற பொம்பிளை, சண்டையில செத்த வீரனுக்குச் சமனாம், தம்பி. காலமை சூரியனை வீரன்மார் தூக்கிக்கொண்டு உச்சிக்கு வருவினமாம். அங்கை இவையள் கைமாறி வாங்கி, பொழுதுபடுமட்டும் சுமந்துகொண்டுபோய் மேற்கில இறக்குவினமாம். அவளின்ர பிரேதத்தைப் புருசன் நாலு ராத்திரி காவல் இருப்பானாம், ஆரும் முடியை விரலை வெட்டாம. அதிலை சக்தி இருக்காம்."

"நல்ல நம்பிக்கைதானே, அண்ணை."

"மிச்சத்தையும் கேளும். குறிச்ச அஞ்சு நாளில நிலத்துக்கு இறங்கி வருவினமாம். நாற்சந்தியில நிப்பினமாம். அண்டைக்குத் தாய்மார் பிள்ளையளை வெளியில விடாயினம். சந்தியில பலகாரம் படைப்பினமாம், பிள்ளையளைத் தொடாதை எண்டு."

எங்கள் ஊரிலும் பேய் பிசாசுக்குச் சந்தியில்தானே கழிப்புக் கழிக்கிறார்கள் என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்கை சில கல்லுக்கு அடிப்பக்கத்திலையும் கொத்தியிருக்கு, தெரியுமோ?" என்றார். "நிலத்தெய்வம். பிள்ளை பெறுறமாதிரிக் குந்திக்கொண்டு இருக்கு. கல்லை நிமிர்த்தி வைச்சால் ஒருத்தரும் காணமாட்டினம். நிலம்தான் காணுமாம். மியூசியத்தில கீழ ஒரு கண்ணாடி வைச்சுக் காட்டுறாங்கள்."

அதற்குப் பிறகுதான், கார் எங்கள் தெருவுக்குள் திரும்பி அந்த மேசை கண்ணில் பட்டபிறகுதான், எல்லாவற்றையும் சொன்னார். நேர்ஸ், சொக்கூப்பே, மெர்சி, பெட்டியின் கீழ்ப்பாதி எல்லாம். மாதத்தில் ஒரு நாள் ஓவர்ரைம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் குழந்தைகளின் நிலத்துக்குப் போய்வருவதையும் சொன்னார்.

காரை ஓரம்கட்டினேன். எனக்கு வாய் பொறுக்காது. "ஒரு வருசமா அந்த மனிசி இல்லாத பாரத்துக்கு மேசை வைக்குது. நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறியள். இண்டைக்கே சொல்லுங்கோ."

"சொன்னால் என்ன நடக்கும்? இப்ப மனிசியின்ர மனசில தாயும் பிள்ளையும் ஒரு கிடங்கில கிடக்கினம். பாரம் எண்டாலும் ஒண்டாக் கிடக்கினம். நான் வாயைத் திறந்தால் ரெண்டும் தனிச்சுப்போம்."

காரை மீண்டும் கிளப்பினேன்.

ஆனால் அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அக்காவைக் கூட்டிப்போய் அந்தச் சிலையைக் காட்டுவது. றெபேக்கா சுமந்து திரிவது வயிற்றை அல்ல, சூரியனை என்று சொல்வது. பொழுதுபட்டால் அந்தப் பாரம் தானாக இறங்கிவிடும், மேசை தேவையில்லை, உண்மையும் சொல்லத் தேவையில்லை. கிறிஸ்தவனும் சைவக்காரியும் மெக்சிக்கோக்காரரின் சாமியிடம் போய்த் தீர்வு கேட்பது! எனக்கு அது பிடிக்கவில்லை. என்றாலும் மறிக்க மனம் வரவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

நவம்பர் மரித்தோர் மாதம். முதல் ஞாயிறு பூசை முடிந்து மற்றவர்கள் எல்லோரும் கல்லறை பார்க்கச் சேமக்காலைக்குப் போக, நாங்கள் டவுன்டவுனுக்குப் போனோம். றெபேக்காவை அடக்கிய நாளிலிருந்து அக்கா சேமக்காலைக்கு வந்ததில்லை. கல் வைக்காமல் அவளுக்கு முகம் கொடுக்கமாட்டேன் என்பார். மியூசியத்துக்கு மட்டும் ஏன் வந்தார் என்றால், சிவன் என்று சொன்னதால். அண்ணை அதைத் திருத்தவில்லை.

அண்ணைக்கு அன்று லீவு நாள். சேட்டும் கம்பளிச் சட்டையுமாக அந்த மண்டபத்துக்குள் நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. வேலைக்கு நின்ற காவலாளி தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போனான். அக்கா சிலைக்கு முன்னால் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"இது சிவனில்லையே," என்றார்.

"இல்லை, நேசம். பொம்பிளை. பிள்ளைப்பேறில செத்தவள்." அண்ணை பாடமாக்கியிருந்ததை எல்லாம் ஒப்புவித்தார். வீரன், சூரியன், உச்சி, மேற்கு. நாற்சந்தியையும் நகத்தையும் விட்டுவிட்டார். "எங்கடை பிள்ளையும் அப்பிடித்தான். அவள் சுமக்கிறாள் எண்டால் சூரியனைச் சுமக்கிறாள். பொழுதுபட இறக்கிப்போடுவாள். நீர் இனி யோசிக்காதையும்."

அக்கா அவர் சொன்னதைக் கேட்டாரா தெரியாது. குனிந்து சிலையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு வயிறு ஒட்டிக் கிடக்கு. பிள்ளை எங்கை?"

அண்ணை இதை எதிர்பார்க்கவில்லை. "சாகிற குழந்தையளுக்கு வேறை இடமாம். அங்கை ஒரு மரம் நிக்குதாம், கிளையெல்லாம் பால் சொட்டுமாம். அதுகள் அதிலை வாய் வைச்சுக் குடிச்சுக்கொண்டிருக்குமாம்."

"தாயோடை இல்லையோ?"

"இல்லையாம்."

"அதுதான் கையை இப்பிடி வைச்சிருக்கிறாள்," என்றார் அக்கா. "தேடுறாள்."

அண்ணை மறைத்த பாதியை அக்கா கல்லைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உதவவில்லை. உதவ என்ன இருக்கிறது? அவராகத்தான் சமாளிக்கப் பார்த்தார்.

"அந்த மரத்துக்குக் கீழ நல்ல குளிர்ச்சியாம், நேசம். பிள்ளையள் ஒண்டும் அழுறேல்லையாம். கிளோடின் சொன்னவ..."

"நான் இவையின்ர பிள்ளையைக் கேக்கேல்லை." அக்கா முதன்முறையாகச் சிலையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "றெபேக்காவின்ர பிள்ளை அவளோடைதானே கிடக்கு?"

ஒரு வருடத்துக்கு முன் தலையை ஆட்டிய மனிதன், இன்னொரு தரம் ஆட்டியிருக்கலாம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவர் ஆட்டவில்லை.

"இல்லை, நேசம்."

நின்ற இடத்திலேயே சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. "நேர்ஸ் கேட்டது எனக்கு விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்லவும் எனக்குத் தெரியேல்லை. மெர்சி எண்டு சொன்னன்," என்றார். மண்டபத்தில் சனம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. கையை நீட்டிச் சிலையின் தூக்கிய கை ஒன்றைப் பிடித்தார். விழாமல் இருக்கப் பிடித்தாரா, அவளுக்கு ஆறுதல் சொல்லப் பிடித்தாரா, எனக்குத் தெரியாது. அங்கே தொடவே கூடாது. தொடவிடாமல் நிற்பதுதான் அண்ணையின் சம்பளம். மற்றக் காவலாளி ஓடிவந்தான். அண்ணை இரண்டு கையையும் விரித்து அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றார். அவன் அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

அக்கா தானாகக் கையை எடுத்தார்.

"அப்ப நான் ஆருக்கு மேசை வைச்சனான்?" என்றார். பிறகு, "எங்கை கிடக்கு? காட்டுங்கோ."

அண்ணை வழி சொல்ல, அந்த நிலம் இருந்த சேமக்காலைக்குக் காரை விட்டேன். குழந்தைகளின் நிலம் வேலியோரமாக, ஒரு சின்ன மேட்டுக்குப் பின்னால் இருந்தது. நடுவில் ஒரு பொதுக் கல். பிரெஞ்சில் ஒரு வரி, பெயர்கள் இல்லை. சுற்றிவர யார் யாரோ வைத்த காற்றாடிகள், கரடிப் பொம்மைகள், மழையில் ஊறிப்போன ஒரு சோடிக் குட்டிச் சப்பாத்து. எந்த இடம் என்று அக்கா கேட்டார். அது தனக்கும் தெரியாது, இந்தப் புல்லுக்குள் எங்கேயோ என்றார் அண்ணை. அக்கா ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டார். அண்ணை போன முழங்காலோடு கஷ்டப்பட்டு மடங்கிப் பக்கத்தில் இருந்தார்.

"ஆணோ, பெண்ணோ?" ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்கிறார். தாயின் வயிற்றோடு போனதென்று நினைத்த பிள்ளையை யாரும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

"பொம்பிளைப் பிள்ளை எண்டு சொன்னவை."

"சொன்னவையோ?"

அண்ணை சாய்ந்து கிடந்த ஒரு காற்றாடியை நிமிர்த்தி வைத்தார்.

"நீங்கள் பாக்கேல்லையோ?"

"துணியால சுத்தி அந்த நேர்ஸ் கையில வைச்சிருந்தவ. கழுவிக் கொண்டுவரட்டும், பேந்து பாப்பம் எண்டு நினைச்சன்."

இதை எனக்குக்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"டனிஸ்ரன்?"

"அவனும் பாக்கேல்லை."

அக்கா ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பவர் மாதிரி இருந்தார். தான், கணவர், மருமகன். றெபேக்கா கண் திறக்கவேயில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை அந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. யாரைப் போல இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"அந்த நேர்ஸ் பாத்திருப்பா, என்ன?"

"ஓம். அவ பாத்திருப்பா."

"நல்ல மனிசியோ?"

"நல்ல மனிசி, நேசம். என்ரை தோளில கை வைச்சவ."

"அப்ப மெல்லமாத்தான் தூக்கியிருப்பா." அக்கா புல்லைக் கையால் தடவினார். ஒரு இடத்தைத் தடவி, பக்கத்து இடத்தைத் தடவி, எட்டிய அளவுக்கெல்லாம் தடவினார். "அவவைத் தேடிக் கண்டுபிடிக்கேலுமோ? எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். பிள்ளை ஆரை மாதிரி இருந்தது எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

"கேக்கிறன்," என்றார் அண்ணை.

"விளங்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா அழத் தொடங்கினார்.